விசாரிப்புக்கு ஒரு மறுமொழி

யாழ்ப்பாணத்தார் ஒரு கலியாணம் பேசத் தொடங்கினால் சாதகம் பொருந்தியதோடு விட்டுவிடமாட்டார்கள். விசாரிப்பார்கள். மாப்பிள்ளை குடிப்பானா, சீட்டு விளையாடுவானா, தாய் தகப்பனை மதிப்பானா என்று பக்கத்து வளவுக்காரனிடம் கேட்பார்கள். கந்தோரில் கூட வேலை செய்கிறவனிடமும் கேட்பார்கள். தலைமயிர் வெட்டுகிறவனைக்கூட விடமாட்டார்கள். மாப்பிள்ளை கடல் கடந்துபோய் இருந்தால், அந்த ஊரில் நம்மவர் யார் இருக்கிறார் என்று தேடிப் பிடித்து ஒரு நீல விமானத் தபால் கடிதம் போடுவார்கள். மெல்பேர்னைப் பொறுத்தமட்டில் 1978ஆம் ஆண்டில் அந்த 'நம்மவர்' சச்சிதானந்தன்தான்.

அவர் ஒன்றும் பெரிய மனிதர் அல்ல. நாற்பத்தேழு வயது. கொழும்பில் கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்தவர், எழுபத்துநாலில் மனைவி விமலாவையும் மகள் கமலினியையும் கூட்டிக்கொண்டு வந்து, டண்டினொங் என்ற புறநகரில் லொறிக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆணி எத்தனை, போல்ட் எத்தனை என்று எண்ணுகிற வேலை. ஆனால் அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் காரும், வீட்டின் பின்பக்கம் ஓர் அறையும், எவரையும் 'வாங்கோ' என்று சொல்லிவிடுகிற சுபாவமும் இருந்தன. புதிதாக வருகிற தமிழ்ப் பொடியன் எவனும் விமானத்திலிருந்து இறங்கி முதலில் அந்தக் காரில்தான் ஏறினான். முதல் சில மாதம் அந்தப் பின்னறையில்தான் படுத்தான். ஆகவே எல்லாருடைய பிழைப்பும் பிக்கலும் அவருக்குத் தெரியும்.

தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் அவருக்கு அந்த நாளில் தெரியவில்லை. எழுபத்தைந்து தீபாவளிக்கு ஒரு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, கதை கொடிகட்டிப் பறந்த நேரத்தில், சிறிதரன் என்ற பொடியன் ஊருக்குத் தான் கணக்காளன் என்று எழுதிவிட்டு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவுகிறான் என்று எடுத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு மாதத்தில் ஊர் போய்ச் சேர்ந்தது. சிறிதரனின் தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தம் குழம்பிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறிதரன் வந்து வாசலிலேயே நின்றான்.

"அண்ணை, நான் கழுவினதும் உண்மை. நீங்கள் சொன்னதும் உண்மை. என்ரை தங்கச்சி என்ன செய்தவள்?"

சிறிதரன் சிட்னிக்குப் போய் பென்டில் ஹில் பக்கம் இருப்பதாகச் சச்சிதானந்தன் பிறகு கேள்விப்பட்டார். அவமானத்தில் அவருக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. இது கூட்டிச் சொல்வதல்ல. விமலாவைக் கேட்டால் சொல்லுவாள்.

அப்படி நாக்கைச் சுட்டுக்கொண்டு திரிந்த காலத்தில்தான் ஹூஷங் அவருக்குக் கிடைத்தான். ஈரானியன், ஷிராஸ் ஊர்க்காரன், அதே தொழிற்சாலையில் லேத் என்ற கடைசல் யந்திரத்தில் வேலை. சச்சிதானந்தனின் வயதுதான். ஈரானியருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் அதற்குப் பழைய பாரசீகப் பாட்டு ஒன்று வைத்திருப்பார்கள். மேற்பார்வை பார்க்கிற போர்மன் ஏசினால் ஒரு பாட்டு, றெயில் பிந்தினால் ஒரு பாட்டு, தக்காளி அழுகியிருந்தாலும் ஒரு பாட்டு. சாப்பாட்டு நேரம் இருபத்தைந்து நிமிடம். சச்சிதானந்தன் சம்பல் பூசிய பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருக்க, ஹூஷங் கண்ணை மூடி இரண்டு அடியைப் பாரசீகத்தில் சொல்லுவான். பிறகு தனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் அர்த்தத்தைத் தேடித் தேடி எடுத்துக் கொடுப்பான். முழுதும் சொல்லி முடிக்க மணி பெரும்பாலும் விடாது.

சச்சிதானந்தனுக்கு அந்தப் பாட்டுகள் பிடித்துப்போனதற்குக் காரணம், அவை மோட்சத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறத்தியார் வீட்டுப் பந்தியில் எப்படி உட்காருவது, சுமை தூக்குகிறவனிடம் எப்படிப் பேசுவது, வழுக்கி விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் முன் உன் காலடியும் ஈரமா என்று குனிந்து பார்ப்பது, இப்படி அன்றாடப் பிழைப்புக்கு வேண்டியவை. அவற்றில் ஒன்று அவர் நெஞ்சில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மற்றவன் உடையில் கிழிசலைக் கண்டால் உன் போர்வையைக் கழற்றி அவன்மேல் போர்த்திவிடு என்பது அதன் கருத்து. சிறிதரன் வாசலில் நின்ற நாளிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த மருந்து அதுதான் என்று நினைத்தார்.

அன்று முதல் விசாரித்து வந்த கடிதங்களுக்கெல்லாம் அவர் ஒரே மறுமொழிதான் எழுதினார். நல்ல பொடியன். ஆறு கடிதம், ஆறு நல்ல பொடியன். மெல்பேர்னில் கெட்டவனே கிடையாது என்று யாழ்ப்பாணம் நம்பத் தொடங்கியிருக்கும்.

ஏழாவது கடிதம் ஜூன் மாதத்து விறைக்கும் குளிரில் வந்தது. எழுதியவர் கதிர்காமநாதன், விமலாவுக்கு அண்ணன் முறை. கொழும்பு வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவர். போன ஆவணியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கடையும் போய், வீடும் போய், பள்ளிக்கூடமொன்றில் அகதியாக இருந்துவிட்டு, உடுத்த உடுப்போடு கப்பலில் வடக்கே காங்கேசன்துறையில் வந்து இறங்கிய குடும்பம். அவருடைய மூத்த மகள் யோகராணிக்கு இருபத்துநாலு வயது. மெல்பேர்னில் இருக்கும் சிவபாலன் என்ற மாப்பிள்ளை பொருந்தி வந்திருக்கிறது, ஆவணியில் முகூர்த்தம் வைக்கலாம், பிள்ளை ஒருத்தியாவது இந்த நாட்டைவிட்டுத் தப்பிப் போகட்டும், பொடியனைப் பற்றி உமக்குத் தெரிந்ததை எழுதும் என்று கேட்டிருந்தார்.

விமலா கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படிக் குசினியிலிருந்தே சத்தம் போட்டாள்.

"கடவுள் கண் திறந்திட்டார்! எங்கடை சிவபாலன்! இஞ்சை பாருங்கோ, இண்டைக்கே எழுதிப் போடுங்கோ."

சச்சிதானந்தன் 'ஓம்' என்று தலையாட்டினார். கதிரையிலிருந்து எழும்பவில்லை.

சிவபாலன் அவர்கள் வீட்டுப் பின்னறையில் ஐந்து மாதம் இருந்தவன். கந்தோரில் கட்டடப் படம் வரைகிற நல்ல உத்தியோகம். முப்பது வயது, பார்க்க லட்சணமானவன், பாத்திரம் கழுவப் போனால் விமலாவைத் தள்ளிவிட்டுத் தானே கழுவுவான். வீட்டைச் சூடாக்குகிற ஹீற்றர் பழுதானபோது மாலை முழுவதும் மல்லாந்து படுத்துத் திருத்திக் கொடுத்தான். இப்போது பக்கத்தில் நோபல் பார்க்கில் தனியாக ஒரு பிளாற் வீடு எடுத்து இருக்கிறான். விமலாவுக்கு அவன் தம்பி மாதிரி.

ஆனால் எழுபத்தாறு நவம்பரில் ஒரு மாலை, டண்டினொங் றெயில் ஸ்ரேசன் கார்த் தரிப்பிடத்தில் சச்சிதானந்தன் ஒன்றைக் கண்டார். கமலினியை ஏற்றுவதற்காகக் காத்திருந்தார். நாலு கார் தள்ளி, சிவபாலன் ஒரு பெண்ணை மணிக்கட்டில் பிடித்துக் காரிலிருந்து வெளியே இழுத்தான். அவள் கொழும்பிலிருந்து வந்த, ஐரோப்பிய வழியில் பிறந்த ஒரு பறங்கிப் பெண். அவளை அவனோடு சச்சிதானந்தன் இரண்டொரு தரம் கண்டிருக்கிறார். அவள் ஏதோ சொன்னாள். அவன் அறைந்தான். மூக்குக்கண்ணாடி பறந்து போய் விழுந்தது. அவள் குனிந்து நிலத்தைத் தடவித் தேடும்போது மறுபடியும் அறைந்தான். பிறகு தலையை நிமிர்த்தியபோது சச்சிதானந்தனின் வெள்ளைக் காரைக் கண்டான்.

அடுத்த நாள் பின்னறையில் அவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான். "கோவத்திலை நடந்திட்டுது அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ." அவர் சொல்லவில்லை. விமலாவுக்குக்கூடச் சொல்லவில்லை. கிழிசலை மூடிவிட்டோம் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணைப் பிறகு அவனோடு ஒருவரும் காணவில்லை.

இரண்டு நாள் அந்த நீலத்தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள், 'சிவபாலன் நல்ல பொடியன், உதவி செய்கிறவன், நல்ல உத்தியோகம்' என்று எழுதி மடித்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். தபாலில் போட சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்; அங்கே சாப்பாட்டு நேரத்தில், ஏதோ பரீட்சையில் பாஸானவர்போல, முழுக் கதையையும் ஹூஷங்கிடம் சொன்னார்.

"உன் பாட்டுப்படிதான் நடந்திருக்கிறேன்," என்று ஆங்கிலத்தில் முடித்தார்.

ஹூஷங் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "என் பாட்டா? எந்தப் பாட்டு?"

"போர்வைப் பாட்டு."

"அதற்கு இரண்டு அடி உண்டு. நீ ஓர் அடிதான் கேட்டாய். அன்றைக்கு மணி அடித்தது, நீ எழுந்து ஓடிவிட்டாய்." அவன் முகம் சிவந்திருந்தது. "இரண்டாவது அடி கேள். போர்வைக்குள்ளே இருப்பது கத்தி என்றால், மூடியவன் கையிலும் இரத்தம். விளங்கிச்சா? கிழிசல் வேறு, கத்தி வேறு. ஒருத்தன் ஏழை, ஒருத்தன் கக்கூஸ் கழுவுகிறான், ஒருத்தனுக்குப் படிப்பு வரவில்லை, இதெல்லாம் கிழிசல். மூடு. பெண்ணை அடிக்கிறவன் வீட்டுக்கு இன்னொரு பெண்ணை அனுப்புகிறாய். அதற்கு என் நாட்டுக் கவிஞனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய்!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். சச்சிதானந்தனுக்குக் கோபம் வந்தது. லேத்தில் நிற்கிறவனுக்கு என்ன தெரியும் எங்கள் கஷ்டம்? வாய் திறந்து ஒரு சம்பந்தத்தைக் குழப்பி, ஒருத்தியின் வாழ்வைக் கெடுத்தவர் அவர். இன்னொரு தரம் அதைச் செய்யச் சொல்கிறானா?

"அவள் அங்கே இருந்தால் அடுத்த கலவரத்தில் சாகலாம்," என்றார். "இங்கே வந்தால் உயிரோடாவது இருப்பாள்."

ஹூஷங் மீதி ரொட்டியைத் துணியில் சுற்றினான். "அந்த நேரம் நீ என்ன செய்தாய்? கார்த் தரிப்பிடத்தில்?" என்று கேட்டான்.

"நான் காருக்குள் இருந்தேன்."

"இறங்கவில்லையா?"

"இல்லை."

"அப்படியென்றால் நீ மூடுவது யாருடைய கிழிசலை? அவனுடையதா, உன்னுடையதா?"

மணி அடித்தது. இந்த முறை சச்சிதானந்தன் எழும்பவில்லை. ஹூஷங்தான் எழும்பினான். போகும்போது தோளில் கை வைத்து, "எனக்கும் சொல்லத்தான் சுலபம்," என்றான். "போர்மன் அந்தத் துருக்கிக் கிழவனைத் தினமும் நாய் என்று ஏசுகிறான். நான் மனதுக்குள் பாட்டுச் சொல்லிக்கொண்டு லேத்தைச் சுற்றுகிறேன்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து பையிலிருந்த கடிதத்தைக் கிழித்து ஹீற்றர் நெருப்பில் போட்டார். வேறொரு தாளில் எழுதத் தொடங்கினார். 'சிவபாலன் படித்தவர், உத்தியோகம் நல்லது, எங்களுக்கு நிறைய உதவி செய்தவர். 1976 நவம்பரில் அவர் ஒரு பெண்ணை இரண்டு முறை அறைந்ததை என் கண்ணால் கண்டேன். அதற்கு முன்னும் பின்னும் எனக்குத் தெரியாது.' அதன் பிறகு பேனை ஓடவில்லை. பேனையை ஒருமுறை உதறிவிட்டு, 'நான் காரைவிட்டு இறங்கவில்லை. பயத்தில் உள்ளேயே இருந்துவிட்டேன். இரண்டு வருடம் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. அது என் பிழை' என்று எழுதினார்.

தபாலில் போடுவதற்கு முன் இன்னொரு முடிவும் எடுத்தார். சிறிதரனுக்குச் செய்ததைத் திரும்பச் செய்யக் கூடாது. ஒருவனைப் பற்றி முதுகுக்குப் பின்னால் எழுதினால் அதை அவன் முகத்துக்கு முன்னாலும் சொல்லத் தைரியம் வேண்டும். சிவபாலனைச் சனிக்கிழமை வரச் சொன்னார்.

சிவபாலன் ஒரு பெட்டி மண்டரின் தோடம்பழத்தோடு வந்தான். விமலா அவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகத் தேத்தண்ணி போட ஓடினாள். "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று பகிடி வேறு. சச்சிதானந்தன், காரில் ஏதோ சத்தம் கேட்குது, வந்து பாரும் என்று சொல்லி அவனைப் பின்வளவுக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"எழுதியாச்சோ அண்ணை?" என்றான் அவன் போகும் வழியிலேயே. "நான் ரிக்கற்றும் புக் பண்ணியிட்டன்."

"எழுதியிட்டன். போடேல்லை. அதிலை என்ன இருக்கெண்டு உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் போடுவன். ஸ்ரேசனிலை நடந்ததை எழுதியிருக்கிறன் தம்பி."

சிவபாலன் முதலில் சிரித்தான். பகிடி என்று நினைத்தான் போலும். பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது.

"ஒருக்கால் நடந்தது. அதுவும் ரெண்டு வரியத்துக்கு முன்னம். உங்களுக்கென்ன விசரோ?"

"ஒருக்காலெண்டால் அதையும் நீரே எழுதும். இப்ப திருந்தியிட்டன் எண்டு எழுதும். நான் அதையும் சேர்த்துப் போடுறன். அதுகள் வாசிச்சு முடிவெடுக்கட்டும்."

"அண்ணை." அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தக் குடும்பம் கப்பலிலை வந்த குடும்பம். அந்தப் பிள்ளையை அங்கையிருந்து எடுக்கப் போறது நான். நீங்களில்லை. நான் இல்லாட்டில் ஆர் எடுப்பினம்? அடுத்த முறை சனம் வெட்டுப்படேக்கை உங்கடை கடிதத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினமோ?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் சச்சிதானந்தனை விட்டுப் போகவில்லை. காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் தளர்ந்ததைக் கண்டு சிவபாலன் இன்னும் கிட்ட வந்தான்.

"நீங்கள் பெரிய நீதிமான் மாதிரிக் கதைக்கிறியள். அண்டைக்கு நீங்கள் காருக்குள்ளை குந்திக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள். கண்ணாடியைக்கூட இறக்கேல்லை. அதை எழுதுவியளோ?"

"எழுதியிருக்கிறன். வாசியும்."

கடிதத்தை நீட்டினார். சிவபாலன் பறித்து வாசித்தான். கடைசி வரிக்கு வந்ததும் அவன் தாடை இறுகியது. பிடித்து மிரட்டுவதற்கு அவனிடம் இருந்த ஒரே பிடி அது, அதுவும் போய்விட்டது. கடிதத்தைக் கசக்கிக்கொண்டே மறுகையால் சச்சிதானந்தனின் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் காரோடு சாத்தினான். முதுகில் கதவுக் கைபிடி குத்தியது. அவனுடைய மூச்சு முகத்தில் பட்டது. கை மேலே எழும்புவதைக் கண்டு சச்சிதானந்தன் கண்ணை மூடிக்கொண்டார். பயம்தான். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தகப்பன், தன் வீட்டுக் கராஜில், தன் வீட்டில் சோறு தின்றவனிடம் அடி வாங்கப் போகிறோம் என்ற பயம்.

"டாட்?" என்று குசினிக் கதவடியிலிருந்து கமலினி கூப்பிட்டாள். "வாட்ஸ் கோயிங் ஓன்?"

பிடி விட்டுப் போனது. கண்ணைத் திறந்தபோது சிவபாலன் அவருடைய சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் நேராக்கி, மெதுவாகத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான். பிறகு கமலினியைப் பார்த்து அழகாகச் சிரித்தான். "ஒண்டுமில்லைத் தங்கச்சி. அப்பான்ரை கார் பாத்தனாங்கள்."

சச்சிதானந்தனுக்கு அந்தப் பிடியைவிட அந்தச் சிரிப்புத்தான் கூடப் பயம் தந்தது. பின்னறையில் ஐந்து மாதம் அவர்கள் பார்த்ததெல்லாம் இந்தச் சிரிப்பைத்தான்.

"போடுங்கோ பாப்பம்," என்றான் அவன் போகும்போது, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "இந்த மெல்பேர்னிலை ஒருத்தனும் பிறகு உங்கடை வாசல் மிதிக்கான்."

தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்த விமலா, கார் போகும் சத்தத்தையும் புருசன் நிற்கும் நிலையையும் கண்டு திகைத்தாள். அன்றைக்குத்தான் சச்சிதானந்தன் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்கு வந்த ஆத்திரம் சிவபாலன்மேல் அல்ல.

"ரெண்டு வரியமாய் எனக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியள். இப்ப மட்டும் என்ன பெரிய உண்மை? ஒரு அடி அடிச்சான் எண்டு அந்தப் பிள்ளையை அந்த நரகத்திலேயே விட்டிடுவமோ? என்ரை அண்ணை ஒரு பள்ளிக்கூட வாங்கிலை படுத்தவர், தெரியுமோ? அவற்றை ஒரு நம்பிக்கை இது!"

"நான் கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை விமலா. கண்டதை எழுதுறன்."

"அது ரெண்டும் ஒண்டுதான். உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். ஆனாலும் அதே கடிதத்தை இரண்டாம் முறை எழுதினார். கராஜில் நடந்ததையும் ஒரு வரி சேர்த்தார். திங்கட்கிழமை காலை ஸ்ரேசனுக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டார். போட்ட பிறகும் பெட்டியின் வாயில் விரலை வைத்தபடி சற்று நேரம் நின்றார், எட்டி எடுக்கலாமோ என்பதுபோல.

சிவபாலன் சொன்னதைச் செய்தான். மாதாந்தப் பூசைக்கு எல்லாரும் வாடகைக்கு எடுக்கிற மண்டபத்தில் அந்த முறை சச்சிதானந்தனுக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. ஒரு கலியாணத்தைக் குழப்பினது காணாதென்று இன்னொன்றையும் குழப்பப் பார்க்கிறார் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது அவர் காதில் விழவேண்டும் என்றே சொல்லப்பட்டது. வீட்டுத் தொலைபேசி அடிப்பதை நிறுத்தியது. விமலா சோற்றைப் போட்டு வைப்பாள், பேசமாட்டாள். சிறிதரன் விசயத்தில் செய்ததையே திரும்பச் செய்துவிட்டேனோ என்று அவர் தினமும் தன்னைக் கேட்டார். ஒரு நாள் ஹூஷங்கிடமும் கேட்டார். அவன் இந்த முறை பாட்டு ஒன்றும் சொல்லவில்லை. தெஹ்ரானிலிருந்து வரும் செய்தி எதுவும் நன்றாக இல்லை, அவனுக்கும் மனம் சரியில்லை. "எனக்குத் தெரியாது, நண்பா," என்று மட்டும் சொன்னான்.

ஜூலை நடுவில் கதிர்காமநாதனின் மறுமொழி வந்தது. கடிதம் கிடைத்தது. இளம் வயதில் எல்லாருக்கும் கோபம் வரும், கலியாணம் ஆனால் சரிவந்துவிடும். ஆவணி பதினாலு முகூர்த்தம் வைத்தாயிற்று. இந்த விசயத்தை இனி ஒருவரோடும் கதைக்க வேண்டாம். அவ்வளவுதான்.

"பாத்தீங்களே," என்றாள் விமலா. மூன்று கிழமைக்குப் பிறகு அவள் பேசிய முதல் சொல். ஆனால் அதில் வெற்றி ஒன்றும் இல்லை. அவளும் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்ததை அவர் கண்டார். சச்சிதானந்தனுக்கு வெட்கத்தைவிட ஆறுதல்தான் முதலில் வந்தது. கண்டதைச் சொல்லியாயிற்று, முடிவெடுத்தது அவர்கள், இனி என் பொறுப்பில்லை என்று அன்றிரவு பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். மனிதன் தனக்கு ஆறுதல் தேடிக்கொள்ளும் விதம் இருக்கிறதே, அதற்கு ஒரு முடிவே கிடையாது.

நாலு நாள் கழித்து இன்னொரு நீலக் கடிதம் வந்தது. கையெழுத்துச் சிறியது, நெருக்கமானது, அவருக்குத் தெரியாதது.

'அன்புள்ள சச்சிதானந்தன் மாமாவுக்கு, யோகராணி எழுதுவது. நீங்கள் என்னைச் சின்ன வயதில் ஒருமுறைதான் கண்டிருப்பீர்கள். உங்கள் கடிதத்தை அப்பா எனக்குக் காட்டவில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மா நேற்று எனக்குத் திறப்பைத் தந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்விட்டா. வாசித்தேன். இங்கே எல்லாரும் எனக்கு நல்லது நினைக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரும் எதையும் சொல்லவுமில்லை. நீங்கள் காரைவிட்டு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் எழுதியிருக்கத் தேவையில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கலாம் என்று துணிந்தேன். இங்கே இருப்பது எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். அதை நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறா என்று அம்மா சொன்னா. அவவை நீங்கள் இவருக்குக் கட்டிக் கொடுப்பீர்களா?'

ஹூஷங் இரண்டு வருடமாக மணிக்கும் மணிக்கும் இடையில் சொல்லி முடிக்கப் பாடுபட்டதையெல்லாம் இந்தப் பெண் ஒரு வரியில் கேட்டுவிட்டாள். கண்டதை எழுதிவிட்டேன் என்று அவர் கட்டி வைத்திருந்த ஆறுதல் அந்த ஒரு வரிக்கு நிற்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அழுதார் என்றே சொல்ல வேண்டும்.

பக்கத்து அறையில் கமலினி ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்தாள். விமலா வந்து, கேட்காமலே கடிதத்தை எடுத்து நின்றபடி வாசித்தாள். வாசித்து முடிந்தபிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை. மகளின் அறைக் கதவைப் பார்த்தபடி நின்றாள்.

சச்சிதானந்தன் புதுத் தாள் ஒன்றை விரித்தார். 'அன்புள்ள மகள் யோகராணிக்கு' என்று எழுதினார். அதன் கீழே, 'கொடுக்கமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் எழுதிய விசாரிப்பு மறுமொழிகளில் அதுபோலச் சுருக்கமானது வேறில்லை. மடிக்கப் போனபோது விமலா அவர் கையிலிருந்து பேனையை வாங்கினாள். அவருடைய கையெழுத்துக்குக் கீழே குனிந்து, 'நானும் கொடுக்கமாட்டேன். விமலா' என்று எழுதினாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தபால் எடுக்கிறவன் ஐந்து மணிக்கு வந்துவிடுவான், கெதியாய் வாங்கோ என்றாள்.